ஒரு ரூபாய் அளவு நிறம்

கனிஷ்காவின் தலையணை உறையில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. முகத்துக்குப் போடும் பவுடராக இருக்கும் என்று வெங்கடலட்சுமி விரலால் தொட்டாள். பவுடர் மாதிரி வழுக்கவில்லை, நறநறத்தது. மூக்கருகே கொண்டுபோனால் புதுச் சுவரின் வாசம் அடித்தது. வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது, பட்டி பூசிய சுவர்களைக் காலையிலிருந்து மாலை வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள், தூசி எங்கேதான் போகாது என்று உறையை உதறிப்போட்டாள். மகளின் அறையில் இன்னும் வேலையே தொடங்கவில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பல் விளக்கிக்கொண்டே கனிஷ்கா வந்தாள். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை.

"என்ன கண்ணு அது, மூஞ்சில?"

கனிஷ்கா துண்டால் துடைத்தாள். போகவில்லை. "தெரியலீங்கம்மா. தொட்டாத் தொட்ட மாதிரியே இல்லீங்க."

"தேமலாட்ட இருக்குது. தேங்காண்ணெய் தடவிக்க" என்று சொல்லிவிட்டு வெங்கடலட்சுமி கைப்பையைத் திறந்து பார்த்தாள். கைக்குட்டையில் சுற்றிய பொட்டலம் பத்திரமாக இருந்தது. மகளின் கன்னத்தைவிட அந்தப் பொட்டலம்தான் அன்று அவளுக்கு முக்கியமாக இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பீளமேட்டில் அது ஒரே வீடாக இருந்தது. மாமனார் காலத்துக்குப் பிறகு நடுவில் சுவர் எழுப்பி, கிழக்குப் பாதி மூத்தவரான வெங்கடலட்சுமியின் கணவர் சீனிவாசலுவுக்கு, மேற்குப் பாதி இளையவர் தேஜாவுக்கு என்று ஆயிற்று. சுவர் பொது. மற்றபடி எதுவும் பொது இல்லை. அந்தக் குடும்பத்தில் கொஞ்சுவதெல்லாம் தெலுங்கில் நடக்கும், குத்திக் காட்டுவதெல்லாம் தமிழில் நடக்கும். மூத்தவளான வெங்கடலட்சுமிக்குத் தமிழ்தான் சரளம்.

ஓரகத்தி பிரீத்திகா எதைத் தொட்டாலும் நன்றாக வந்தது. தொட்டியில் நட்ட கறிவேப்பிலைகூடத் தழைத்தது. குழந்தை மட்டும் இல்லை. அந்தக் குறையையும் கனிஷ்கா தீர்த்துவைத்தாள். கல்லூரி விட்டதும் செருப்பைக் கழற்றுவது சித்தி வீட்டு வாசலில்தான். "சித்தி எவ்ளோ அழகா வெச்சிருக்காங்க பாருங்கம்மா" என்று மகள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் வெங்கடலட்சுமிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

போன சித்திரையில் பிரீத்திகா தன் ஹாலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாள். பொதுச் சுவரில் அவள் பக்கத்துக்கு அடித்த நிறத்துக்கு என்ன பெயர் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பகலில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த முகம் மாதிரி இருக்கும். விளக்கு வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது மாதிரி மெல்லச் சிவக்கும். வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்கள். ஆவணியில் கனிஷ்காவைப் பெண் பார்க்க உடுமலைப்பேட்டையிலிருந்து வருகிறார்கள். வந்தால் சித்தி வீட்டுக்கும் போவார்கள். பெண்ணின் வீடு பழசு, சித்தி வீடு புதுசு என்று ஆகிவிடக் கூடாது என்றுதான் வெங்கடலட்சுமி ஆடி மாதமே மேஸ்திரியை வரச் சொன்னாள்.

கடைக்காரர் தந்த வண்ண அட்டைகளை விசிறி மாதிரி விரித்து வைத்துக்கொண்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சந்தனம், தந்தம், பிஸ்தா, பளபளப்பு, பளபளப்பில்லாதது. ஒன்றும் அந்த நிறம் இல்லை. மானத்தை விட்டு ஓரகத்தியிடம் கேட்டும் பார்த்தாள்.

"அது அப்படியே அமைஞ்சுபோச்சுங்க அக்கா" என்று பிரீத்திகா சிரித்தாள். பக்கத்தில் நின்ற கனிஷ்காவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு வெங்கடலட்சுமியைத் தூங்கவிடவில்லை.

அங்கப்பன் மேஸ்திரிதான் வழி சொன்னார். "இதுக்கு எதுக்குங்கம்மா விசனம்? செவுத்துல ஒரு ரூவாக் காசளவு சொரண்டிக் கொண்டாங்க. கடைல மெஷின்ல வெச்சா அதே கலரக் கலக்கிக் குடுத்துருமுங்க."

விளக்கு வைத்த வீட்டிலிருந்து உப்போ தயிரோ ஊசியோ வெளியே போகாது. போனால் அந்த வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள். தயிர் கேட்டு வந்த அடுத்த வீட்டுக்காரியை வெங்கடலட்சுமியே எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். அது தெரிந்தேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். போகட்டும். நல்லாப் போகட்டும்.

பிரீத்திகா சாமி அறையில் மணியாட்டிக்கொண்டிருந்தாள். வெங்கடலட்சுமி ஹால் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை லேசாக நகர்த்தி, அதன் பின்னால் வீட்டுச் சாவியின் முனையை வைத்துச் சுரண்டினாள். பெயிண்ட் செதிலாக வரும் என்று நினைத்தாள். காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி வந்தது. கீழே வெள்ளைப் பட்டி தெரிந்தது. உள்ளங்கையில் விழுந்த துண்டு வெதுவெதுப்பாக இருந்தது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம், தன் வீட்டில், கனிஷ்கா "ஸ்ஸ்" என்றது கேட்டது. கொசு கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தலையணையில் வெள்ளை உதிர்ந்து கிடந்தது அதற்கு மறுநாள் காலை.

பொட்டலத்தைக் கடைக்குக் கொண்டுபோன மேஸ்திரி வெறுங்கையோடு வந்தார். "நொறுங்கிப்போச்சுங்கம்மா. உள்ளங்கை அகலம் இருந்தாத்தான் மெஷின் புடிக்குதாமா."

வெள்ளிக்கிழமை விளக்கு நேரத்தில் மறுபடி போனாள். படத்துக்குப் பின்னால் அகலமாகவே எடுத்தாள். திரும்பி வந்தபோது கனிஷ்கா ஹாலில் துப்பட்டாவைக் கழுத்து வரை இழுத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலக்கிப் பார்த்தால் தாடையிலிருந்து கழுத்தெலும்பு வரை வெள்ளை. மோவாயின் மச்சத்துக்கு ஒரு விரல் தள்ளி அது நின்றிருந்தது. மகளின் தலைமுடியில் சீயக்காய் வாசம் இல்லை. ஈரப் பட்டியின் வாசம்.

தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கையுறை விரலால் தடவினார். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைத் தூளைச் சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். களிம்பு எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வாங்க என்றார். கையுறையைக் கழற்றும்போது அவர் முகம் சரியாக இல்லை. வெங்கடலட்சுமி அதைக் கவனித்தாள், ஆனால் வாசலுக்கு வந்ததும் மேஸ்திரி போன் செய்தார், பெயிண்ட் வந்துவிட்டது என்றார். அவளுக்கு டாக்டரின் முகம் மறந்துபோனது.

ஹால் முழுக்க அடித்தார்கள். இரண்டு கோட். சுரண்டி எடுத்த துண்டோடு வைத்துப் பார்த்தால் அதே நிறம். தள்ளி நின்று பார்த்தால் செத்த நிறம். மாலை விளக்கைப் போட்டாள். சிவக்கவில்லை. பிணத்தின் நெற்றி மாதிரி ஆறிப்போய் நின்றது.

"அதே கலருதானுங்கம்மா. ஏனோ எந்திரிச்சு நிக்க மாட்டேங்குது" என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

தன் தலையெழுத்தே இப்படித்தான் என்று வெங்கடலட்சுமி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் எந்திரிச்சு நிக்கும். எனக்கு நிக்காது.

அடுத்த நாள் பிரீத்திகாவும் தேஜாவும் காரமடைக்குக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். வர நேரமாகும். "விளக்கு மட்டும் வெச்சுப்போடுங்க அக்கா" என்று சாவியைக் கையில் கொடுத்தாள். மூத்தவள் கையால் விளக்கு வைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வெங்கடலட்சுமி விளக்கு வைத்தாள். கும்பிட்டாள். ஹாலுக்கு வந்தாள். ஆளில்லாத வீட்டில் சுவர் மட்டும் சிவந்து, மூச்சு விடுகிற மாதிரி நின்றது. எனக்கு இல்லாதது உனக்கு எதுக்குடி? நம்பிக் கொடுத்த அந்தச் சாவியையே சுவரின் ஒரு முனையில் அழுத்தி மறுமுனை வரை இழுத்தாள். கர்ர்ர். வெள்ளைத் தூள் காலில் கொட்டியது. சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சாவி ஒரு தரம் எகிறி, கீறல் அங்கே வெட்டுப்பட்டு, பிறகு கீழே சரிந்தது.

அந்தப் பக்கம் தட்டு விழுந்து உருண்டது. உருண்டு, உருண்டு, அடங்கியது.

வீட்டுக்கு ஓடி வந்தால் கனிஷ்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். சிந்திய சோறு சுற்றிலும். அழவில்லை.

"யாரோ கீறுன மாதிரி இருந்துச்சுங்கம்மா."

நெற்றியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு. மூக்கைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி. வாயோரம் வெட்டுப்பட்டு, ஓர் எகிறு எகிறி, பிறகு கீழே சரிந்திருந்தது.

வெங்கடலட்சுமிக்கு அந்தக் கோடு தெரியும். அந்த எகிறு தெரியும். இன்னும் அது அவள் மணிக்கட்டில் இருந்தது.

சீனிவாசலுவிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? பட்டறையிலிருந்து வந்த மனிதர் மகளைப் பார்த்து, நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். வெங்கடலட்சுமி இரவெல்லாம் கீறலுக்குள் களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே ரத்தம் இல்லை. சதை இல்லை. விரலுக்கு நறநறவென்று வெள்ளைதான் தட்டுப்பட்டது.

விடிந்தது. அன்று மாதாந்திர மின்தடை நாள். விசிறி இல்லை, மோட்டார் இல்லை, தெருவே வாயடைத்துக் கிடந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக்காற்று மட்டும் சன்னலை அறைந்தது. சீனிவாசலு கார் எடுத்துவரப் போயிருந்தார். கனிஷ்கா ஹாலில், பொதுச் சுவரோரம் போட்ட கட்டிலில், கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

பிரீத்திகா பிரசாதத்தோடு வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னுங்க அக்கா, எங்க ஊட்டுச் செவுரு பூரா கீறிக் கெடக்குதுங்க. சன்னல் வழியாப் பூனை வந்துருச்சாட்ட இருக்குது."

பூனை என்றுதான் சொன்னாள். கண் வேறு என்னவோ சொன்னது.

வெங்கடலட்சுமி சாவி பிடித்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அங்கப்பன் மேஸ்திரிய வரச் சொல்லி, ஆளோட வந்து நிக்கறாருங்க. ஒட்டுக்காத் தேய்ச்சு எடுத்துட்டு வேற அடிச்சுக்கறோம். அந்தக் கலரு போறதுதான் மனசுக்குக் கஷ்டமுங்க." பிரீத்திகா குரலைத் தாழ்த்தினாள். "எங்கிருந்து எடுத்தேன்னு அன்னைக்குக் கேட்டீங்கல்லங்க. அது நம்ம கனிஷ்கா அம்மணி கலருங்க அக்கா. சாயங்கால வெயில்ல அவ கன்னத்துல அட்டைய வெச்சு வெச்சுப் பாத்துத்தான் எடுத்தேன். அம்மாகிட்டச் சொல்லாதீங்க சித்தி, சங்கடப்படுவாங்கன்னா. அதான் சொல்லலீங்க."

பிரசாதத்தை வைத்துவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம். கதவுச் சத்தம்.

போய்த் தடுக்க வேண்டும். நாலு எட்டு வைத்தால் அந்த வாசல். போய் என்ன சொல்ல? கீறியது நான் என்றா? நிறுத்து, அது என் மகள் என்றா? அவள் முன்னால் போய் நின்றா?

அந்த ஒரு நிமிஷம் வெங்கடலட்சுமி நின்றாள். அவளை நிறுத்தியது பழைய எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை.

கர்... கர்...

சுவருக்கு அந்தப் பக்கம். உப்புத்தாள்.

"அம்மா" என்றாள் கனிஷ்கா.

ஓடி வந்து மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். எடை இல்லை. கன்னத்துக் காசு விரிந்தது. கழுத்து வெள்ளையோடு போய்ச் சேர்ந்தது. "நிறுத்துங்க!" சுவரை உள்ளங்கையால் அறைந்தாள். "நாந்தான் கீறுனேன்! பிரீத்திகா! நாந்தானுங்க!" காற்று சன்னலை அறைந்தது. கர்... கர்... இப்போது இரண்டு பேர் தேய்த்தார்கள்.

"வலிக்குதா கண்ணு? வலிக்குதா?"

பதில் சொல்லத் திறந்த உதடுகள் உதிர்ந்தன.

அந்தப் பக்கம் பிரீத்திகாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "மேஸ்திரி, பொட்டுக் கலருகூட இருக்கக் கூடாதுங்க. சுத்தமா எடுத்துருங்க."

கர்... கர்... கர்...

நின்றது.

புடவை மடியில் வெள்ளைத் தூள். அதன் மேல் கனிஷ்காவின் துப்பட்டா. காற்று மெல்ல அள்ளியது. அறைந்த உள்ளங்கை இன்னும் சுவரில் இருந்தது. கைக்கடியில் சுவர் வெதுவெதுத்தது. வெங்கடலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

மின்சாரம் இல்லாத அந்த ஹாலில், நாலு சுவரும் மெல்லச் சிவந்துகொண்டிருந்தன. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த முகம் மாதிரி. அவள் கேட்ட நிறம். அச்சாக அதே நிறம். அவள் கைக்குச் சற்றுத் தள்ளி, பெயிண்டுக்குள்ளிருந்து, கனிஷ்காவின் மோவாயில் இருந்த மச்சம் கறுப்பாக மேலே எழும்பி வந்தது.