மஞ்சள் தெரிந்த மூலை

காலை 9.10.

"திருடி! எங்கம்மா படத்தை எங்கேடி வச்சிருக்கே?"

டாக்டரம்மா தெருவில் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. படங்களுக்குப் பிரேம் செய்யும் அந்தப் பட்டறை வாசலில் தங்கக்காரி பிரஷ்ஷும் கையுமாக ஓடி வந்து நின்றாள். மரத்தில் பூவும் கொடியும் செதுக்குவது அவள் புருஷன் வேலை. அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மூச்சுக் காற்றுக்கே பறக்கும் தங்கத் தாள், ஒட்டுவது இவள் வேலை. அதனால் வந்த பேர்தான் தங்கக்காரி. காதில் கிடப்பதென்னவோ கவரிங்.

விஷயம் இதுதான். டாக்டரம்மாவின் அப்பா பெரிய ஓவியர். அவர் தன் மனைவியை வரைந்த படத்துக்குப் புதுப் பிரேம் போட்டு, போன வாரம் வீட்டிலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் டாக்டரம்மா அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. இன்று காலை திரும்பி வந்து பார்த்தால் பிரேமுக்குள் இருந்தது வெறும் அச்சுப் பிரதி. பின்பக்கம் ஒட்டிய காக்கித்தாள் கிழியாமல் இருந்தது. "அப்போ பட்டறையிலயே மாத்திட்டாங்க அண்ணி" என்றார், மாடியில் குடியிருக்கும் கொழுந்தன். டாக்டரம்மாவுக்கு அதுவே வேதவாக்கு.

காலை 10.30.

புகாரின்பேரில் பட்டறைக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் விடாக்கண்டி என்று பேர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எவனுக்கும் கிடையாது.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

தங்கக்காரி ஃபேனை நிறுத்தினாள். ரேக்கைத் தோல் மெத்தையில் பரப்பி, கத்தியால் நறுக்கி, மூச்சை அடக்கி, தட்டைப் பிரஷ்ஷைக் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்து, துண்டை எடுத்து ஈர மரத்தில் விட்டாள். அது போய் அழகாக உட்கார்ந்துகொண்டது.

"படத்தை நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். ஆனா யாரு நம்புவாங்க? தெருவே கேட்டுருச்சு. இப்ப என்னை ஜீப்புல ஏத்தினீங்கன்னா நாளைக்கு எவன் எங்ககிட்ட படம் குடுப்பான்? பட்டறையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்." அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள். அப்படியும் கண் நிறைந்துவிட்டது.

"சாமானை எல்லாம் எடுத்துக்கிட்டு என்கூட வாங்க."

பகல் 12.00.

டாக்டரம்மா வீட்டுக் கூடம்.

"நீங்க ஊர்ல இல்லாதப்ப வீட்ல யாரு?"

"டிரைவர், சமையல்காரம்மா, எங்க வீட்டுக்காரரோட தம்பி. அவங்களுக்குப் பிரேமைப் பத்தி என்ன தெரியும்?"

கொழுந்தன் சிரித்தார். "தங்கம்னா எனக்கு மோதிரம்தான் தெரியும் மேடம்."

இன்ஸ்பெக்டர் பிரேமை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். "இந்த மூலையில மட்டும் தங்கத்துக்கு அடியில மஞ்சளாத் தெரியுதே?"

தங்கக்காரி குனிந்து பார்த்தாள். "ஐயோ, இது என் கை இல்ல! ரேக்குக்கு அடியில நான் பூசறது செம்மண்ணு. மத்த மூலையைப் பாருங்க, சிவப்பாத் தெரியும். யாரோ பிரேமைப் பிரிச்சிருக்காங்க. மூலை உடைஞ்சுபோயி, மஞ்சள் மண்ணு பூசி மேல ரேக்கு ஒட்டி மறைச்சிருக்காங்க. காக்கித்தாளை யாரு வேணா புதுசா ஒட்டலாமே!"

"நல்லாக் கதை விடறாங்க" என்றார் கொழுந்தன். "ரேக்கு ஒட்டத் தெரிஞ்சது இந்த ஊர்லயே இவங்க ஒருத்தருக்குத்தானே?"

டாக்டரம்மா தலையாட்டினார். தன் வாயாலேயே தன்னை மாட்டிவிட்டுக்கொண்டோமே என்றிருந்தது தங்கக்காரிக்கு.

"பார்த்துடலாம்" என்ற இன்ஸ்பெக்டர், மேஜைமேல் தோல் மெத்தையை வைத்து ரேக்கைப் பரப்பச் சொன்னார். "டிரைவர், சமையல்காரம்மா, சார், மூணு பேரும் வரிசையா வாங்க. இந்தப் பிரஷ்ஷால ஆளுக்கு ஒரு துண்டு எடுங்க பார்க்கலாம்."

டிரைவர் விட்ட மூச்சில் ரேக்கு பறந்துபோய் அவர் மீசையிலேயே ஒட்டிக்கொண்டது. சமையல்காரம்மா தோசையைப் புரட்டுவது மாதிரி பிரஷ்ஷை அடியில் கொடுத்துப் புரட்ட, அது சுருண்டு உருண்டையாகிவிட்டது. "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது மேடம்" என்று சிரித்தபடியே பிரஷ்ஷை வாங்கிய கொழுந்தன், அதைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு வந்து, ரேக்கின்மேல் அமுக்கினார். அது தூள்தூளானது.

"பார்த்தீங்களா? மூணு பேருக்குமே வரலை" என்றார் டாக்டரம்மா.

"ஒருத்தருக்கு வரும்." இன்ஸ்பெக்டர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "சார், படம் எங்கே?"

"என்ன விளையாடறீங்களா? நான்தான் ரேக்கைக் கிழிச்சுட்டேனே!"

"கெடுக்கணும்னு முடிவு பண்ணித்தான் அமுக்கினீங்க. ஆனா அதுக்கு முன்னாடியே உங்க கை பழக்கத்தைக் காட்டிருச்சு. பிரஷ்ஷை ஏன் கன்னத்துல தேய்ச்சீங்க?"

"அது... அரிச்சுது."

"அரிச்சா விரலால சொறிவாங்க. முகத்துல இருக்கிற எண்ணெய்ப்பசை பிரஷ்ல கொஞ்சம் ஏறினாத்தான் ரேக்கு அதுல ஒட்டும். காலையில இந்தம்மா செஞ்சதைப் பார்த்தேன். அப்ப நீங்க யாரும் அங்க இல்ல. டிரைவருக்குத் தோணலை, சமையல்காரம்மாவுக்குத் தோணலை. மோதிரம் மட்டும் தெரிஞ்ச உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

கொழுந்தன் பிரஷ்ஷை மேஜைமேல் வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தார்.

மாடியில் அவர் கட்டிலுக்கு அடியில் பாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது படம். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் காய்ந்த மஞ்சள் மண்.

"காலேஜ் படிக்கறப்ப ஒரு பிரேம் கடையில வேலை பார்த்தேன் அண்ணி" என்றார் தலைகுனிந்து. "படத்தை வாங்க ஆள் ரெடியா இருந்தாங்க. நீங்கதான் விக்கவே மாட்டேன்னுட்டீங்க."

"தம்பி, அவங்க எங்கம்மா!" டாக்டரம்மா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். பிறகு தங்கக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிடும்மா."

தங்கக்காரி கையை விடுவித்துக்கொண்டாள். "இங்க வேண்டாம் டாக்டரம்மா. எங்க நின்னு திருடின்னு சொன்னீங்களோ, அங்க வந்து சொல்லுங்க."

"அதுவும் சரிதானே?" என்றார் இன்ஸ்பெக்டர், கொழுந்தனை ஜீப்புக்குக் கூட்டிக்கொண்டு படியிறங்கியபடி.

மாலை 5.15.

பட்டறை வாசல். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் மறுபடி திறந்திருந்தன. டாக்டரம்மா தெருவில் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இவங்க திருடலை. நான் சொன்னது தப்பு."

தங்கக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கடைசி வீடு வரைக்கும் கேக்கலைங்க. காலையில கேட்டுச்சு."

டாக்டரம்மா இன்னும் சத்தமாகச் சொன்னார்.