எடை போட்ட பிறகுதான் ஏலம்

ஆலய முற்றத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம் தொடங்கவிருந்தது. பூசணிக்காய், தேங்காய், கால் கட்டிய சேவல் என்று காணிக்கைகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒரு மட்டி வாழைக்குலை. அதைப் பார்த்ததும் ஜாஸ்மிக்குப் பகீரென்றது.

அம்மாவிடம் ஓடினாள்.

“அம்மா, அது நம்ம குலையில்லியா? யாரு வெட்டினா?”

“நான்தான்,” என்றார் தேவகனி. “நீ ஞாயிறு பள்ளிக்கு வந்த பொறவு வெட்டிக் கொண்டுவந்தேன். புதுசா வச்ச வாழையில முதல் குலை கர்த்தருக்குத்தானே மக்கா?”

ஊர் வழக்கம் அதுதான். ஆனால் இந்தக் குலையின் கதை வேறு.

முடிக்கொத்து நோய் வந்து ஊரிலிருந்த மட்டி வாழைகள் எல்லாம் அழிந்துவிட்டன. அரசின் உயிர்த் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் சுனிதா மேடம், நோயில்லாத வாழையிலிருந்து துளித் திசுவை எடுத்து, கண்ணாடிப் போத்தலில் வளர்த்துக் கன்றுகள் உண்டாக்கினார். சோதித்துப் பார்க்க அவற்றைச் சில ஊர்களுக்குக் கொடுத்தார். இந்த ஊரில் வாங்கியது ஜாஸ்மியின் அப்பா மட்டும்தான். மற்றவர்கள், “போத்தல் வாழை குலைக்குமாக்கும்” என்று சிரித்தார்கள்.

காற்றில் மற்றவை ஒடிந்துபோக, ஒரே ஒரு வாழை குலைத்தது. ஜாஸ்மி தினமும் தண்ணீர் ஊற்றிய வாழை அது.

“குலையை முழுசா நான் எடை போடணும். விளைச்சலைக் காட்டினாத்தான் உங்க ஊருக்குக் கன்னு உண்டாக்க அரசாங்கம் பணம் தரும்,” என்று மேடம் சொல்லியிருந்தார். பண்டிகைக்கு மறுநாள் வருவதாகவும் இருந்தார்.

ஏலம் எடுப்பவரோ, குலையை அங்கேயே சீப்பு சீப்பாக வெட்டிப் பங்கு வைத்துவிடுவார்.

ஜாஸ்மி அம்மாவின் போனை வாங்கி மேடத்தை அழைத்தாள்.

“இன்னைக்கு லீவாச்சே,” என்று இழுத்தவர், விஷயம் தெரிந்ததும் குரலை மாற்றினார். “நான் வடசேரி சந்தையிலதான் நிக்கேன். இங்க ஒரு தராசை வாங்கிட்டு பஸ் ஏறுறேன். யாரையும் தொட விடாதே.”

ஜாஸ்மி நேராக ஏலம் போடும் சிலுவைதாசனிடம் போனாள்.

“மாமா, எங்க குலைய எடை போடணும்.”

“காணிக்கையா வந்தத திருப்பித் தரப்பிடாது மக்கா.”

“திருப்பிக் கேக்கல மாமா. கடைசியா ஏலம் போடுங்க, அது போதும்.”

அதற்குச் சம்மதித்தார். பூசணிக்காய் போனது. தேங்காய் போனது. சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு பாடகர் குழுவுக்குள் புகுந்ததால் கொஞ்ச நேரம் கிடைத்தது. பொல்லாத சேவல்தான், ஆனாலும் ஜாஸ்மி அதற்கு மனதார நன்றி சொன்னாள்.

கடைசியில் குலை மட்டும் மிஞ்சியது. மேடத்தைக் காணோம்.

“இனி காக்க முடியாது மக்கா. சாப்பாடு ஆறுது,” என்றார் சிலுவைதாசன்.

ஜாஸ்மி குலையின் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் ஒண்ணு பாருங்க. இன்னைக்கு வேற யாரு வீட்டுல இருந்தாவது மட்டிக்குலை வந்திருக்கா?”

எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை.

“எடை போடாம இதை வெட்டினா, ஊருக்குக் கன்னு வராது. அடுத்த பண்டிகைக்கும் வேற யாரு வீட்டுல இருந்தும் குலை வராது. மேடம் வந்துட்டு இருக்காங்க, எடை போட்ட பொறவு ஏலம் போடுங்க.”

தேவகனி எழுந்து வந்து மகள் பக்கத்தில் நின்றார்.

“அவசரப்பட்டு வெட்டினது நான்தான். பிள்ள சொல்லது சரி. காப்போம்,” என்றார்.

“சோறு ஆறினா ஆறட்டும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொஞ்ச நேரத்தில் சுனிதா மேடம் தூக்குத் தராசோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குலையைத் தொங்கவிட்டு நிறுத்தார். ஒவ்வொரு சீப்பையும் எண்ணினார். மறுபடியும் ஒருமுறை நிறுத்தார். முகம் மலர்ந்தது.

“நல்ல குலை. பழைய மட்டியைவிடக் கனம். இதை வச்சு உங்க ஊருக்குக் கன்னு கேட்டு நானே அரசாங்கத்துக்கு எழுதுவேன். யாருக்கெல்லாம் வேணும்?”

முற்றத்தில் ஒரு கை விடாமல் எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிலுவைதாசன் மைக் பிடித்திருந்த கையையே தூக்கிவிட்டார்.

பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“இனி ஏலம் போடலாமா மக்கா?”

“போடுங்க மாமா,” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பற்றியிருந்த காம்பை ஜாஸ்மி விட்டாள்.