புகார் வராத பெட்டிகள்

திரையில் பதினேழாவது பேட்சுக்கு எதிரே மட்டும் 'ஒன்று' என்று வந்திருந்தது. நம்பகத்தன்மைக் கணக்கில் ஒன்று என்றால், விற்றதில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்று பொருள். மனிதன் செய்த எந்தப் பொருளுக்கும் அப்படி வராது என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் கம்பெனி விற்பது, வீட்டுக்குள் நச்சுவாயு கசிந்தால் அலறுகிற சின்னப் பெட்டி. மற்ற பேட்சுகளில் ஐந்தாறாவது திரும்பி வந்திருந்தன.

"கணக்குப்புலி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?" மேலாளர் குடையை எடுத்துக்கொண்டே கேட்டார். "புகார் இல்லேன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம். நீ போட்ட விதிதானேம்மா?"

அவள் போட்ட விதிதான்.

அவர் போனபின் மழைச் சத்தமும், சோதனை அறையில் பெட்டிகள் விட்டுவிட்டு எழுப்பும் கீச்சொலியும், நனைந்த கம்பளத்தின் வாடையும் சேர்ந்துகொண்டு அவளை உட்காரவிடாமல் பிடுங்கின. வாங்கியவர்களின் பட்டியலைத் திறந்து முதல் எண்ணை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்ததும் அப்படியே. ஒன்பதாவது எண்ணை ஒரு பெண் எடுத்தாள்.

"நான் அவங்க தம்பி சம்சாரம். இந்த போன் இப்ப எங்கிட்டதான் இருக்கு. அவங்க நாலு பேரும் போன குளிர்ல தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா. ஹீட்டர்லேர்ந்து வந்த வாயுன்னாங்க, வாடையே இருக்காதாம். மூஞ்சி மட்டும் செக்கச்செவேல்னு இருந்துச்சு."

"பெட்டி சத்தம் போடலையா?"

"எங்க போட்டுச்சு! நாங்க கதவ ஒடச்சு உள்ள போனப்பகூட பச்சை லைட்டு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு."

அவள் போனை வைத்தாள். புகார் சொல்ல ஆளே மிஞ்சாத வீட்டை, நன்றாக ஓடுகிற கணக்கில் சேர்த்திருக்கிறாள். இன்னும் எத்தனை வீடுகளோ. பட்டியலைக் கீழே தள்ளினாள். கடைசி வரியில் ஊழியர் சலுகை விலை. அவளுடைய வீட்டு முகவரி.

காலையில் மகளுக்குக் காய்ச்சல். கணவன் விடுப்பு போட்டிருந்தான். "ஹீட்டரப் போட்டு, ஜன்னலச் சாத்திட்டு ரெண்டு பேரும் தூங்குங்க. அதான் நம்ம பெட்டி இருக்கே" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான்.

கணவனை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். காதிலிருந்து போனை எடுக்காமலே ஓடினாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மழை. சேறு. ஒரு செருப்பு எங்கோ போயிற்று.

சாவி பூட்டில் இறங்க மறுத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

திறந்தாள்.

வெதுவெதுப்பு. எந்த வாடையும் இல்லை. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் இருவரும். மகளின் கை அப்பாவின் கழுத்தைச் சுற்றி. இரண்டு முகங்களும் நன்றாகச் சிவந்திருந்தன.

தலைமாட்டில் போன் அடித்தது. யாரும் புரண்டு படுக்கவில்லை.

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.