வாக்கெடுப்பில் போன வசனம்

"வாக்கெடுத்தாச்சு, முடிஞ்சுது! இனி ஒருத்தரும்—"

"முடியேல்லை, கஜரூபன்! நான் சொல்லுறதை முதல்—"

"எல்லாரும் கை தூக்கினவை! கிருஷிகன் நாடகத்திலை இல்லை. அவ்வளவுதான்!"

மயூராவைப் பார்த்துக் கஜரூபன் கத்திய வேகத்தில் அவன் தலையிலிருந்த பஞ்சுப் பொய்முடி நழுவிக் கண்ணை மூடியது. அமெரிக்க அரசியல் சட்டம் பற்றிய நாடகத்தில் அவன்தான் ஜனாதிபதி. மயூரா நீதிபதி. நோர்வேயின் ஒஸ்லோ நகரில், வெஸ்ட்லியின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒத்திகை. அடுத்த வாரம் கலைவிழா. நாடகம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் பரிசு இல்லை.

தாண்ட வைத்தது கிருஷிகன். நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் பிறந்து வளர்ந்தவன். அங்கே அவன் வகுப்பில் வேறு தமிழ்ப் பிள்ளையே இல்லை. போன கோடையில்தான் ஒஸ்லோவுக்கு வந்தான். "மக்களாகிய நாங்கள் இந்தச் சட்டத்தை எங்களுக்காக எழுதுகிறோம்." இதுதான் அவனுடைய ஒரே வசனம். அதை அவன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் கொட்டாவி விட்டுவிடுவார்கள்.

வாக்கெடுத்தபோது அவனும் அங்கேதான் நின்றான். தன் பஞ்சு முடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "ஹா தெ" என்று நோர்வே மொழியில் விடைசொல்லிவிட்டு வெளியே போனான்.

அந்த "ஹா தெ"தான் மயூராவைக் குத்தியது.

"தொடங்கேக்கை நாங்கள் என்ன சட்டம் போட்டனாங்கள்?" என்று கேட்டாள். "அமெரிக்காவிலை மாதிரி எண்டு ரீச்சர் சொல்லித்தானே போட்டனாங்கள்? எதையும் வாக்கெடுத்து முடிவெடுக்கலாம். ஆனால் நடிக்க வந்த ஆளின்ரை வசனத்தைப் பறிக்கேலாது. எத்தினை பேர் கை தூக்கினாலும் ஏலாது!"

"அப்ப நீ ஏன் கை தூக்கினனி?"

மயூராவுக்குக் காது சுட்டது.

"பிழை விட்டிட்டன். இப்ப நீதிபதியாச் சொல்லுறன், அந்த வாக்கெடுப்புச் செல்லாது."

"நான் ஜனாதிபதி! உன்னை நீதிபதி வேலையிலையிருந்து நிப்பாட்டுறன்!"

"ஏலாது. நீதிபதியை ஜனாதிபதி நிப்பாட்டேலாது."

"ஆர் சொன்னது?"

"நீதான். இரண்டாம் காட்சியிலை."

கூட நடிக்கும் யதுர்ஷாவுக்குச் சிரிப்பை அடக்கப் போய் விக்கல் எடுத்தது. கஜரூபன் முடியைப் பின்னால் தள்ளிவிட்டு அவளை முறைத்தான்.

ராசமலர் ரீச்சர் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. போன வருடமும் வேறொரு பள்ளிதான் பரிசுக் கிண்ணத்தைக் கொண்டுபோனது.

"மயூரா சொல்லுறது சரி. நாங்கள் போட்ட சட்டம் எங்களையும் கட்டும்," என்றார். "ஆனால் நேரத்துக்கு என்ன செய்யிறது, பிள்ளையள்?"

தங்கள் வசனத்தில் ஒரு சொல்லைக்கூட விட யாருக்கும் மனமில்லை.

"என்ரை தீர்ப்பை வெட்டுங்கோ, ரீச்சர். பாதி போதும்," என்றாள் மயூரா.

நாடகத்திலேயே நீளமான பேச்சு அதுதான். கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்குக்கூடத் தொலைபேசியில் பேசிக் காட்டியிருந்தாள். யாரும் நன்றி சொல்லவில்லை. "நல்லது, அப்ப நேரம் சரிவரும்," என்றான் கஜரூபன்.

மயூரா கிருஷிகனின் பஞ்சு முடியை எடுத்துக்கொண்டு ஓடினாள். வெளி நடைகூடத்தில் கிருஷிகன் பனிக் காற்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வா, கிருஷிகன்! வாக்கெடுப்புச் செல்லாது. உன்ரை வசனம் உனக்குத்தான். ஒருத்தரும் பறிக்கேலாது, அதுதான் சட்டம்."

"வரச் சொல்லு, வரச் சொல்லு! சட்டமாம்!" என்று உள்ளேயிருந்து கஜரூபனின் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

கிருஷிகன் அவள் நீட்டிய முடியைப் பார்த்தான். வாங்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, நிதானமாகத் தமிழிலேயே கேட்டான்:

"சட்டம் சொன்னபடியாலை கூப்பிடுறியா, மயூரா? இல்லாட்டி, நான் வாறது உனக்கு விருப்பமா?"