சரியாக ஒரு கன மீட்டர்

போன் அலறியது!

"சார்... என் தங்கச்சியைக் காணோம். அவ புருஷன்தான் ஏதோ பண்ணிட்டான். அவனோட பெயின்ட் ஃபாக்டரிக்கு வாங்க சார்!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் பாய்ந்தார்.

ஃபாக்டரியைச் சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது. ஒன்றும் அகப்படவில்லை. மிச்சம், மூடியை முறுக்கி வைத்திருந்த எண்ணெய்த் தொட்டி ஒன்றுதான்.

"இதைத் திறங்க."

புருஷன் சிரித்தான். பெண்டாட்டியைத் தொலைத்தவன் சிரிக்கிற சிரிப்பா அது?

"காத்து பட்டா பெயின்ட்ல கலக்கற லின்சீட் எண்ணெய் ஆடை கட்டிடும் சார். எதுக்குப் பாழாக்கணும்? காலித் தொட்டியில நேத்து நானே நிரப்பினேன். பம்ப் மீட்டர் பாருங்க... ஆயிரம் குவார்ட். தொட்டி அளவுகோல் பாருங்க... ஒரு கன மீட்டர். உள்ளே வேற ஏதாவது இருந்தா மட்டம் ஏறியிருக்காதா?"

இரண்டையும் பார்த்தார். மயிரிழை கூடப் பிசகவில்லை!

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

"விட்டுடாதீங்க சார்... எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

வாசல் வரை போன இன்ஸ்பெக்டர் சட்டென்று நின்றார்.

"பம்ப் எங்க வாங்கினது?"

"அமெரிக்க பம்ப் சார். பழசு."

"ஒரு கன மீட்டர்னா எத்தனை லிட்டர்?"

"ஆயிரம்."

"ஆயிரம் குவார்ட்டுன்னா?"

"அதுவும் அதேதான் சார். குவார்ட்டும் லிட்டரும் ஒண்ணுதானே?"

இன்ஸ்பெக்டர் செல்போனைத் தட்டிப் பார்த்தார்.

"இல்லை! அமெரிக்க குவார்ட் லிட்டரை விடச் சின்னது. ஆயிரம் குவார்ட் ஊத்தினா தொள்ளாயிரத்து நாப்பத்தாறு லிட்டர்தான் வரும். அளவுகோல் ஆயிரம் காட்டுது... மீதி ஐம்பத்து நாலு லிட்டர் இடத்தை அடைச்சுக்கிட்டு உள்ளே இருக்கறது என்ன?"

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அவ... ரொம்ப ஒல்லி சார்..."

மூடி திறந்தது.

கொக்கி போட்டுத் தூக்கினார்கள். முதலில் ஒரு கை வந்தது. அண்ணன் கதறிய கதறலை எழுத எனக்கே மனசு வரவில்லை.

புருஷன் உளறினான்.

"மட்டம் கொஞ்சம் தூக்கலாத்தான் சார் காட்டிச்சு! ரெண்டும் பொருந்தணும்னு நான்தானே ரெண்டு டப்பா எண்ணெயை வடிச்சு விட்டேன்..."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"விடை சரியா வந்ததுக்காக ஃபெயிலான முதல் ஆள் நீதான்யா... நட!"