முப்பத்தைந்தாவது ஆள்

லாக்கர் அறையிலிருந்து அவசரமாய் வெளியே வந்த டெல்ஃபீனும், மழைக்கு ஒதுங்கக் கண்மண் தெரியாமல் உள்ளே ஓடி வந்த பந்துவீச்சாளன் வேட் கிட்ரியும் வாசலில் மோதிக்கொண்டார்கள். அவள் கையிலிருந்த நான்கு பெயர்ப்பட்டைகள் தரையில் சிதறின.

இடிபட்ட பெண் முதலில் தலைமுடியைச் சரிசெய்வாள். இவளோ சட்டென்று ஒரு பட்டையின் மேல் காலை வைத்தாள். வினை அங்கேதான்.

லூசியானாவின் அந்தச் சின்னக் கல்லூரியில், பேஸ்பால் மட்டையைத் தொடாதவர்கள்கூட அந்த வாரம் இதையேதான் பேசினார்கள். அணியில் முப்பத்தெட்டுப் பேர்... புது விதிப்படி முப்பத்து நாலு பேருக்குத்தான் இடம். போதாததற்குக் கோச், மற்ற கல்லூரிகளிலிருந்து தாடி முளைத்த ஆட்களை வேறு அள்ளி வந்திருந்தார். இடமில்லாத நாலு பேரையும் பத்து மணிக்கு ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுச் சொல்வார். அதன்பிறகே லாக்கரில் பெயரைக் கழற்றுவது வழக்கம். அணியில் எடுபிடி வேலை பார்க்கும் இந்த மகராசி ஒன்பதரைக்கே கழற்றிவிட்டாள்.

வேட் குனிந்து பொறுக்கினான். "ஹீபர்... பூட்ரோ... ஸ்டெல்லி..."

நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குள் சாம்பல் நிறக் கண்கள்... டெல்ஃபீனுக்கு மூச்சே வரவில்லை.

"காலை எடுங்க."

"மாட்டேன்."

"ஏன், சுளுக்கா?"

"ஆமா... சுளுக்குதான்."

"மூணு பேர் மானம் தரையில கிடக்கு. ஒருத்தனுக்கு மட்டும் மறைப்பா? யாரு அந்த அதிர்ஷ்டசாலி?"

அவள் காலை இன்னும் அழுத்தினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, கோச் சொல்றதுக்கு முன்னாடி..."

"பாவம் பாக்காதீங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

விறைப்பாகப் போய்விட்டான்.

பத்தே காலுக்குக் கோச்சின் கதவு அவனை விழுங்கியது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை போகும். ஆனால் அவள் அதற்காகவா நகம் கடித்தாள்? நமக்குத் தெரியாதா...

பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தான்.

"'ஏன்டா, முகத்துல ஒரு அதிர்ச்சியும் காணோம்? யாராவது சொன்னாங்களா'ன்னு கேட்டாரு."

"நீங்க...?"

"என் வேகம் எனக்கே தெரியும்னேன். நான் முப்பத்தஞ்சாவது ஆளாம். ஒரே ஒரு இடம் இருந்திருந்தா நான்தானாம்."

அவள் கண் நிறைந்தது.

"நீங்க வீசற ஒவ்வொரு பந்தோட வேகத்தையும் நான்தான் எழுதறேன். செப்டம்பர்லேர்ந்து. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மைல் கூட்டிப் போடக் கை பரபரக்கும்... போடல."

 

"போட்டிருந்தா நான் உள்ள இருந்திருப்பேன்."

"தெரியும். பொய் சொல்லி உங்களை இங்க நிறுத்தி வைக்க மனசு வரல."

"அப்ப... நிறுத்தி வைக்கணும்னு ஆசை இருந்துச்சா?"

டெல்ஃபீன் ஷூவைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவனையும் பார்த்தாள்.

"இருந்துச்சு. அணிக்காக இல்ல... எனக்காக."

வேட் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான்.