கறுப்புப் படியாத இடம்

முதலில் விரல் அகலத்துக்கு ஒரு வெறுமைதான், கண்ணுகளா. அரியூர் நாட்டு மலைமேட்டில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், எஃகுப் பெட்டியிலிருந்து அம்சவேணி எடுத்த கண்ணாடித் தட்டு முழுக்கக் கறுப்பாய் மினுங்கியது. ஓர் ஓரத்தில் மட்டும் ஒன்றும் படியவில்லை.

பெட்டிக்குள் காற்றை உறிஞ்சிவிட்டு அடியில் ஈய உப்பைச் சூடாக்குவார்கள். ஆவி நேரே மேலேறித் தட்டில் தோலாகப் படியும். வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தோல். நடுவில் எது நின்றாலும் அதன் உருவத்துக்குக் கண்ணாடி வெறுமையாகிவிடும். நடுவில் நிற்க அங்கே எதுவுமில்லை.

நெல் கொட்டும் குதிர் காலியானதும் அதன் வாயை மூடுமுன், "ஆராச்சும் இருந்தா வெளிய வந்துருங்க" என்று சொல்வது அவள் வீட்டுப் பழக்கம். பெட்டியை மூடும்போதும் சொல்வாள். அன்று காலையில் மேலாளர் கதிர்வேல் கேட்டுவிட்டார்.

"உள்ளார ஆரு, உங்க அப்புச்சியா?"

"பழக்கமுங்க சார்."

"அதை ஊட்டுல வெச்சுக்க. இன்னொருக்கா சொன்னீன்னா பேளுக்குறிச்சிச் சந்தைல மொளகு விக்கப் போயிரு."

அவள் அதைச் சொல்லாமலே பெட்டிக் கதவை மூடினாள்; அந்தத் தட்டில்தான் விரல் அகல வெறுமை.

அடுத்த தட்டில் நான்கு விரல். அதற்கடுத்ததில் உள்ளங்கை, ரேகையோடு.

"கைய வெச்சுக் கெடுத்துப்போட்டு எங்கிட்டயே முழிக்கறியா? நல்ல தட்டு ஒண்ணு வராம இங்கிருந்து நகரப்படாது" என்று கத்திவிட்டுக் கதிர்வேல் ஜீப்பில் மலையிறங்கிப் போய்விட்டார்.

வேலை போய்விடுமே என்றுதான் அவள் மறுபடி பெட்டியை ஓட்டினாள். ஜன்னல் இடுக்கு வழியே மாலைப் பனிமூட்டம் ஈர மண்வாசனையோடு உள்ளே ஊர்ந்தது. அதுவரை சீராயிருந்த, காற்றை உறிஞ்சும் பம்ப்பின் இரைச்சல், மூச்சுக்குத் திணறுகிற எதுவோ கதவுக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பதுபோல், விட்டுவிட்டு இழுத்தது. பெட்டியின் சின்னக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். அந்தக் கண்ணாடியின் உட்புறம் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஏறவில்லை.

ஒரு நெற்றி. மூக்கு. அழுந்திய உதடு.

உதடு விரிந்தது.

வேலையாவது ஒன்றாவது! உயிரோடு வெளியே போனால் போதும். சூட்டை அணைத்தாள். காற்றைத் திறந்துவிட்டாள். காலையில் விழுங்கிய வார்த்தையை இப்போது சொன்னாள்.

"ஆராச்சும் இருந்தா... வெளிய வந்துருங்க, சாமி."

கதவைத் திறந்தாள். காலி.

பம்ப் நின்றது. ஒரு சத்தமில்லை.

பையை எடுக்கக் கை நீட்டினாள். கை வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

விரல்நுனியிலிருந்து முழங்கைவரை கறுப்பு மினுங்கியது. மணிக்கட்டில் மட்டும் அவள் தோல் தெரிந்தது. மேலே நான்கு பட்டை. அடியில் ஒன்று, கட்டைவிரல் அகலத்துக்கு.

இழுத்தாள். பட்டைகள் இறுகின.

அவள் பார்க்கப் பார்க்க, கறுப்பு தோள்வரை ஏறியது. கழுத்துக்கு ஏறியது.

அங்கேயும் ஐந்து இடம் விட்டு.